பெல்ட் யாருக்கு என்று தெரிந்த பின்னும்

2023 ஏப்ரல் 2. கலிஃபோர்னியாவின் இங்கிள்வுட் நகரில் சோஃபை அரங்கம். டபிள்யூடபிள்யூஇ என்ற ரெஸ்லிங் கம்பெனி ஆண்டுதோறும் நடத்தும் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெசில்மேனியா 39-இன் கடைசி மேட்ச் கடைசி நிமிடங்களுக்கு வந்துவிட்டது. கோடி ரோட்ஸ் ஜெயிக்கப்போகிறார் என்று கூட்டம் எழுந்து நிற்கிறது. நடுவரின் கவனம் வேறு பக்கம் போன ஒரு நொடியில், சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸின் உறவினர் சோலோ சிகோவா தன் கட்டைவிரலைக் கோடியின் தொண்டையில் இறக்குகிறார். ரெய்ன்ஸ் ஓடிவந்து தோளால் மோதி ஒரு ஸ்பியர் அடிக்கிறார். கோடியின் தோள் தரையில் அழுந்தியிருக்க நடுவர் எண்ணுகிறார்: ஒன், டூ, த்ரீ. பெல்ட் ரெய்ன்ஸிடமே தங்கிவிட்டது.

அதற்கு முந்தைய இரண்டு மாதமும் ரசிகர்களில் பலர் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "கோடிதான் ஜெயிப்பார், இதில் பார்க்க என்ன இருக்கிறது?" அந்த முடிவு வராமல் போனபோது அதிகம் கொதித்தவர்களும் அவர்களேதான்.

இதை வைத்து ரசிகர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்கே தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் சொன்ன இரண்டுமே நியாயம்தான். 'தெரிந்த முடிவு' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம், குழப்பம் அங்கிருந்து வருகிறது. ஒரு கதை நன்றாகக் கட்டப்பட்டு, ஒரே ஒரு முடிவை நோக்கி நம்மை இழுத்துக்கொண்டு போகும். அப்போது முடிவு தெரிவது பசி மாதிரி. இன்னொரு சமயம் நாம் தொண்டை கிழியக் கத்தினாலும் கம்பெனி தேர்ந்தெடுத்த ஆள்தான் ஜெயிக்கப்போகிறார் என்று தெரியும்; அது அலுப்பு. ரெஸ்லிங்கில் சாம்பியன்ஷிப்பைப் பற்றி நடக்கும் சண்டைகளில் பெரும்பாதி, ஒருவர் பசியைப் பேச இன்னொருவர் அலுப்பைப் பேசுவதால் வருபவை.

முடிவு முன்கூட்டியே எழுதப்படுகிறது என்பது இன்று யாருக்கும் ரகசியம் இல்லை. இந்தத் தொழிலின் உள்ளே இருந்தவர்கள் அதைக் கட்டிக்காத்ததற்கு 'கேஃபேப்' என்று ஒரு தனிச் சொல்லே உண்டு. வில்லனும் நாயகனும் வெளியில் ஒரே காரில் போகக்கூடாது என்கிற அளவுக்கு அதைக் காப்பாற்றினார்கள். 1989-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில செனட்டின் முன்பு, இது உண்மையான போட்டி இல்லை, பொழுதுபோக்குதான் என்று டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) தரப்பே சொன்னது. மாநில விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் அதற்கான வரியும் தங்கள் மேல் வரக்கூடாது என்பது காரணம். அன்றிலிருந்து ரசிகரின் இடம் மாறிவிட்டது. யாருக்குப் பலம் அதிகம் என்று கேட்டவர், எழுதுகிறவர் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினார். எழுதுகிறவருக்கு 'புக்கர்' என்று பெயர். ரசிகர்கள் இன்று போடும் சண்டை அந்த புக்கரோடுதான்.

ரசிகர்கள் முடிவை ஊகிப்பதில் மாயம் எதுவும் கிடையாது. கம்பெனியின் நாட்காட்டியே பாதியைச் சொல்லிவிடும். 1993 முதல், முப்பது பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து மோதும் ராயல் ரம்பிளில் ஜெயிப்பவருக்கு ரெசில்மேனியாவில் சாம்பியனோடு மோதும் வாய்ப்பு என்பது வழக்கம். ஆகவே ஜனவரி முடிவில் ஒருவர் ஜெயிக்கும்போதே ஏப்ரலின் கதை கண்ணுக்குத் தெரிகிறது. ஜப்பானின் நியூ ஜப்பான் கம்பெனியில் கோடைக்காலத்து ஜி1 கிளைமாக்ஸ் தொடரில் ஜெயிப்பவர், ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் நடக்கும் பெரிய நிகழ்ச்சிக்கு நெடுங்காலமாகவே சவாலாளராகப் போய்க்கொண்டிருந்தார். நடுவில் வரும் சிறிய நிகழ்ச்சிகளில் சாம்பியன் தோற்கமாட்டார் என்பதும் ரசிகருக்குத் தெரியும். பெரிய மேட்சுக்கு முந்தைய வாரம் எதிராளியை அடித்துப்போட்டு ரிங்கில் நிமிர்ந்து நிற்பவர் பெரும்பாலும் அந்த மேட்சில் தோற்பார் என்று ரசிகர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அது பலிக்கிற அளவுக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

எழுதுகிறவர்களும் இதை அறிந்தவர்கள். அதனால்தான் 2005-இல் 'மணி இன் த பேங்க்' என்ற ஏற்பாடு வந்தது. ஒரு பெட்டி, அதற்குள் ஓர் ஒப்பந்தம், எப்போது வேண்டுமானாலும் சாம்பியனோடு மோதலாம். முதல் பெட்டியை ஜெயித்த எட்ஜ், 2006 ஜனவரி 8 அன்று ஜான் சீனா எலிமினேஷன் சேம்பர் என்ற கூண்டு மேட்சில் ரத்தம் சொட்ட ஜெயித்து நின்ற நிமிடத்தில் அதைப் பயன்படுத்தி பெல்ட்டைப் பறித்தார். நாட்காட்டிக்கு வெளியே பெல்ட் கைமாறும் என்ற பயத்தை அந்த ஒரு பெட்டி திரும்பக் கொண்டுவந்தது.

பெல்ட் எதற்கு?

முடிவு எழுதப்பட்டதுதான் என்றால் பெல்ட்டுக்கு என்ன மதிப்பு என்று புதிதாகப் பார்க்க வருபவர்கள் கேட்பார்கள். பெல்ட் ஒரு வாக்குறுதி என்று நான் பதில் சொல்வேன். 'இந்த ஆளை நம்பி நிகழ்ச்சியின் கடைசி மேட்சை வைக்கிறோம்' என்று கம்பெனி ரசிகரிடம் சொல்வது அது. வாக்குறுதி என்பதால்தான் அதை யாரிடம் தருகிறார்கள், எவ்வளவு நாள் விடுகிறார்கள், எப்படி வாங்குகிறார்கள் என்பதில் இத்தனை உணர்ச்சி.

புரூனோ சம்மார்ட்டினோ 1963 மே 17 அன்று பட்டி ராஜர்ஸை 48 நொடியில் வீழ்த்தி இதே கம்பெனியின் சாம்பியன் ஆனவர். 1971 ஜனவரி 18 வரை அவரிடமே பெல்ட். 2,803 நாட்கள். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்தில் ஐவன் கோலோஃப் அவரை வீழ்த்தியபோது அரங்கமே அமைதியாகிவிட்டது. தன் காதுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்ததாக சம்மார்ட்டினோ பின்னாளில் சொன்னார். ஏழரை ஆண்டு 'இவர்தான் ஜெயிப்பார்' என்று தெரிந்தே வந்த கூட்டம் அது. ஒவ்வொரு மாதமும் புதுப்புது வில்லன் வந்தான், அடித்தான், கடைசியில் தோற்றான். யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. அந்த உறுதியைப் பார்க்கவே அவர்கள் வந்தார்கள். அது உடைந்தபோது கேட்ட அமைதி, அந்த உறுதிக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்று காட்டியது.

கோலோஃப் எத்தனை நாள் சாம்பியன்? இருபத்தொன்றே நாள். பிப்ரவரி 8 அன்று பெட்ரோ மொராலஸிடம் தோற்றார். ஒரு நாயகனிடமிருந்து இன்னொரு நாயகனுக்கு நேரடியாக பெல்ட் போனால் கூட்டம் இரண்டாகப் பிளக்கும் என்று நடுவில் ஒரு வில்லனை வைத்தார்கள். அதே வேலையை அயர்ன் ஷேக் 1983 டிசம்பர் 26 அன்று பாப் பேக்லண்டிடமிருந்து பெல்ட்டை வாங்கி, அடுத்த ஜனவரி 23 அன்று ஹல்க் ஹோகனிடம் கொடுத்துச் செய்தார். இன்று ஒரு வில்லன் திடீரென்று சாம்பியனானால், "இவர் வெறும் பாலம்தான், பெல்ட் யாருக்குப் போகப்போகிறது?" என்று ரசிகர்கள் உடனே கேட்பது இந்த வரலாற்றைப் படித்ததால் வந்த கூர்மை.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வேறு மாதிரி. அங்கே என்டபிள்யூஏ என்ற, பல ஊர் கம்பெனிகளின் கூட்டமைப்புக்கு ஒரே சாம்பியன்; அவர் ஊர் ஊராகப் போவார். ரிக் ஃபிளேர் அந்த வேலையில் தேர்ந்தவர். ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர் நாயகன் இவரை ஏறக்குறைய வீழ்த்திவிட வேண்டும், ஆனால் பெல்ட் போகக் கூடாது. அதற்கு ஒரு விதி துணை நின்றது. விதி மீறியதற்கான டிஸ்குவாலிஃபிகேஷனிலோ, நடுவர் எண்ணி முடிக்கும்முன் ரிங்குக்குத் திரும்பாததற்கான கவுன்ட் அவுட்டிலோ சாம்பியன் தோற்றால் பெல்ட் மாறாது. நேரம் முடிந்து டிரா ஆனாலும் மாறாது. நாயகன் ஜெயித்த மாதிரியும் இருக்கும், சாம்பியன் தப்பித்த மாதிரியும் இருக்கும்.

இதைக் கொஞ்சம் நீட்டினால் வருவதுதான் 'டஸ்டி ஃபினிஷ்'. 1985-இல் ஸ்டார்கேட் என்ற பெரிய நிகழ்ச்சியில் டஸ்டி ரோட்ஸ் ஃபிளேரை வீழ்த்தி மூன்று எண்ணிக்கை வாங்கினார். கூட்டம் கொண்டாடியது. பிறகு, ஃபிளேரின் கூட்டாளிகளான ஆண்டர்சன்கள் உள்ளே புகுந்ததால் இது டிஸ்குவாலிஃபிகேஷன் என்று தீர்ப்பு மாறி பெல்ட் ஃபிளேருக்கே திரும்பிவிட்டது. அப்போது அந்தக் கம்பெனியின் புக்கர் டஸ்டியேதான். இதே உத்தியை மறுபடி மறுபடி பயன்படுத்தியதால் அவர் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. முதல் முறை ரசிகரின் நெஞ்சு உடையும், அடுத்த முறை டிக்கெட் வாங்குவார். ஐந்தாவது முறை, மூன்று எண்ணிக்கை விழுந்தாலும் கொண்டாடத் தயங்குவார். அந்தத் தயக்கத்தை உண்டாக்குவதுதான் ஒரு புக்கர் செய்யக்கூடிய பெரிய சேதம் என்று நினைக்கிறேன். கூட்டம் தன் மகிழ்ச்சியை நம்ப மறுக்கிறது. அதை மீட்க ஆண்டுகள் ஆகும்.

இந்த டஸ்டியின் மகன்தான் கோடி. அதற்குத் திரும்ப வருகிறேன்.

1999 ஜனவரி 4

ரெஸ்லிங் ரசிகர்கள் முடிவு தெரிந்தால் பார்க்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையை அந்த ஒரு இரவு உடைத்துவிட்டது. திங்கட்கிழமை இரவுகளில் டபிள்யூடபிள்யூஎஃபின் ராவும் அதன் போட்டிக் கம்பெனியான டபிள்யூசிடபிள்யூவின் நைட்ரோவும் ஒரே நேரத்தில் ஓடிய காலம். அன்று நைட்ரோ ஜார்ஜியா டோமில் நேரலை. ரா ஆறு நாள் முன்பே படம்பிடிக்கப்பட்டது. எதிரியின் நிகழ்ச்சியைக் கெடுக்க நினைத்த டபிள்யூசிடபிள்யூ, வர்ணனையாளர் டோனி ஷியவோனியை வைத்து முடிவை உடைத்தது: இன்று அங்கே மிக் ஃபோலி உலக சாம்பியன் ஆகப்போகிறார், அதுக்கு ரொம்பக் கூட்டம் வரும் பாருங்கள் என்கிற தொனியில் கிண்டலாக.

நடந்தது நேர்மாறு. பல லட்சம் பேர் சேனலை மாற்றி ஃபோலி ஜெயிப்பதைப் பார்க்கப் போனார்கள். முடிவு முழுசாகத் தெரியும். அதற்காகவே போனார்கள். ஏன்? ஃபோலி அழகன் இல்லை, பாடிபில்டர் இல்லை. ஆறு மாதம் முன்பு பிட்ஸ்பர்க்கில் இரும்புக் கூண்டின் உச்சியிலிருந்து தூக்கி எறியப்பட்டு வர்ணனையாளர் மேசையை உடைத்து விழுந்தவர். அவர் மாதிரி ஆட்களுக்கு பெல்ட் கிடைக்காது என்பதே அதுவரை விதி. அந்த விதி உடையும் நொடியில் அங்கே இருக்க வேண்டும் என்று மக்கள் விரும்பினார்கள். ஃபோலிக்கு உதவ வந்த ஸ்டீவ் ஆஸ்டினின் வருகை இசையில் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டு அரங்கம் வெடித்ததை இன்று பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

அதே இரவு நைட்ரோவில் யாரும் எதிர்பார்க்காத முடிவு ஒன்று நடந்தது. ஹல்க் ஹோகன் அங்கே சாம்பியனாக இருந்த கெவின் நாஷின் மார்பில் ஒரு விரலால் தொட்டார். நாஷ் தானாகவே மல்லாந்து படுத்துக்கொண்டார். ஹோகன் சாம்பியன். பார்க்க வந்தவர்களின் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தெரிந்த முடிவு கூட்டத்தைச் சேர்த்தது, தெரியாத முடிவு கூட்டத்தை விரட்டியது. இரண்டும் ஒரே இரவில், ஒரு ரிமோட் பொத்தான் தூரத்தில்.

டபிள்யூசிடபிள்யூ அதற்கு ஓராண்டு முன்பே வேறொரு பாடத்தைத் தவறவிட்டிருந்தது. ஸ்டிங் ஓராண்டுக்கு மேல் பேசாமல், முகத்தில் கறுப்பு வெள்ளைச் சாயத்தோடு அரங்கத்தின் உத்தரங்களில் உட்கார்ந்து ஹோகன் கும்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1997 டிசம்பர் 28 ஸ்டார்கேடில் அவர் ஜெயிக்கப்போகிறார் என்பது குழந்தைக்கும் தெரியும். அதற்காகத்தான் மக்கள் காசு கொடுத்தார்கள். ஆனால் அன்று முதலில் ஹோகன் ஸ்டிங்கை வீழ்த்தினார். நடுவர் வேகமாக எண்ணி ஏமாற்றினார் என்பது கதை. எண்ணிக்கையோ சாதாரணமாகவே இருந்தது. ஆக, ஹோகன் நேர்மையாக ஜெயித்துவிட்டதாகவே தெரிந்தது. பிரெட் ஹார்ட் வந்து மேட்சை மறுபடி தொடங்கவைத்து, ஸ்டிங் ஜெயித்தார். சில நாட்களில் அந்த பெல்ட்டும் அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. தெளிவான, எல்லோரும் கேட்ட முடிவைக் கொடுக்கப் பயந்ததால் வந்த வினை.

அலுப்பு எங்கே வருகிறது

சரி, இனி மறுபக்கம். 2014 ஜனவரி 26, பிட்ஸ்பர்க், ராயல் ரம்பிள். டேனியல் பிரையன் அதற்கு முந்தைய ஆகஸ்டில் ஜான் சீனாவை நேர்மையாக வீழ்த்தி, அடுத்த சில நிமிடங்களிலேயே, மணி இன் த பேங்க் பெட்டியோடு வந்த ராண்டி ஆர்ட்டனிடம் பெல்ட்டை இழந்தவர். 'நீ சாம்பியன் ஆகும் அளவுக்கு ஆள் இல்லை' என்று கதையில் அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ரம்பிளில் முப்பதாவது ஆளாக அவர்தான் வருவார் என்று கூட்டம் காத்திருந்தது. வந்தவர் ரே மிஸ்டீரியோ. எப்போதும் அன்போடு வரவேற்கப்படும் ரேயை அன்று கூட்டம் வசைபாடியது. பாட்டிஸ்டா ஜெயித்தார். அரங்கம் முழுக்க எதிர்ப்புக் கூச்சல்.

அந்தக் கூட்டம் புதிதாக ஏதாவது வேண்டும் என்று கேட்கவில்லை. ஆச்சரியம் வேண்டும் என்றும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியதும் ஒரு தெரிந்த முடிவுதான். 'இவரைத்தான் நாங்கள் தேர்ந்தெடுத்தோம், உங்கள் கதையே இவரைத்தான் எங்களிடம் தேர்ந்தெடுக்கச் சொன்னது' என்பதே அவர்கள் வாதம். கம்பெனி கடைசியில் இறங்கிவந்தது. ஏப்ரல் 6 அன்று நியூ ஆர்லியன்ஸில் பிரையன் முதல் மேட்சில் டிரிபிள் ஹெச்சையும் கடைசி மேட்சில் ஆர்ட்டன், பாட்டிஸ்டா இருவரையும் சமாளித்து பெல்ட்டைத் தூக்கினார்.

அடுத்த ஆண்டு அதே தவறு இன்னும் மோசமாக. பிலடெல்ஃபியாவில் பிரையன் ரம்பிளிலிருந்து சீக்கிரமே வெளியேற்றப்பட்டார். ரோமன் ரெய்ன்ஸ் ஜெயித்தார். உதவிக்கு த ராக் (நடிகர் டுவெய்ன் ஜான்சன்) வந்து நின்றும் கூட்டம் அடங்கவில்லை. ரெய்ன்ஸ் மேல் தனிப்பட்ட வெறுப்பு என்று சிலர் அதை எழுதினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஐந்து ஆண்டு கழித்து அதே ரெய்ன்ஸ் ஒவ்வொரு மாதமும் ஜெயித்தார், அதே ரசிகர்கள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். மாறியது என்ன?

2020 ஆகஸ்ட் 30 அன்று பெல்ட்டை வாங்கிய ரெய்ன்ஸ் வில்லன். பக்கத்தில் ஆலோசகராக பால் ஹேமன். முதல் எதிராளி சொந்த உறவான ஜே உசோ. ஜே அதுவரை சகோதரன் ஜிம்மியோடு இருவர் அணியாக மோதும் டேக் டீம் ஆள், தனியாக எந்தப் பெரிய வெற்றியும் கிடையாது. அவர் ரெய்ன்ஸை வீழ்த்துவார் என்று ஒருவர்கூட நம்பவில்லை என்றே சொல்லலாம். ஆனால் அந்த அக்டோபரில் ஹெல் இன் எ செல் கூண்டுக்குள் நடந்த 'ஐ க்விட்' மேட்ச் அந்த ஆண்டின் மிகச் சிறந்த நாடகங்களில் ஒன்று. எவ்வளவு அடித்தாலும் ஜே 'விட்டுவிடுகிறேன்' என்று சொல்லமாட்டேன் என்கிறார். இரட்டைச் சகோதரனைக் காப்பாற்ற ஜிம்மி உள்ளே வருகிறார். ரெய்ன்ஸ் கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஜிம்மியின் கையைப் பிடிக்கிறார், அப்படியே கழுத்தை நெரிக்கிறார். ஜே அந்தச் சொல்லைச் சொல்கிறார், தனக்காக இல்லை, சகோதரனுக்காக. யார் ஜெயிப்பார் என்ற கேள்வியே அந்த மேட்சில் இருக்கவில்லை. ஜே எதை இழந்து தோற்பார் என்பதே கேள்வி.

தெரிந்த முடிவை ரசிகர் ஏற்றுக்கொள்வதற்கு இதுதான் வழி என்று எனக்குத் தோன்றுகிறது. 2015-இல் ரெய்ன்ஸ் ஜெயித்தபோது அந்த வெற்றியால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை, கம்பெனி தன் திட்டத்தை நிறைவேற்றியது, அவ்வளவே. 2020-இல் ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு குடும்பம் உடைந்தது.

அதுவும் நீண்டபோது அலுத்தது, மறைக்கவேண்டியதில்லை. 2023 வாக்கில் ரெய்ன்ஸ் மாதக்கணக்கில் பெல்ட்டைக் காக்க இறங்கவே இல்லை. இறங்கினால் சோலோ உள்ளே வருவார், ஸ்பியர், மூன்று எண்ணிக்கை. முடிவு மட்டுமல்ல, வழியும் தெரிந்துவிட்டது. முடிவு தெரிந்தால் பொறுக்கலாம். வழியும் தெரிந்தால் அப்புறம் பார்க்க மிச்சம் இருக்காது. நியூ ஜப்பானில் கஸூசிகா ஒகாடா 2016 ஜூன் முதல் 2018 ஜூன் வரை 720 நாள் சாம்பியனாக இருந்தபோது ஒவ்வொரு மேட்சும் வேறு மாதிரி இருந்தது. கென்னி ஒமேகாவோடு ஒருமுறை 46 நிமிடம் போராடி ஜெயித்தார், இன்னொருமுறை ஒரு மணி நேரம் முழுதும் ஆடி டிரா. கடைசியில் ஒசாகாவில் நேர வரம்பே இல்லாத மேட்சில் ஒமேகாவிடமே பெல்ட்டை இழந்தார். அந்த இரண்டு ஆண்டில் அவர் எப்படித் தப்பிப்பார் என்பதை யாரும் முன்னாடி சொல்லியிருக்க முடியாது.

நியர் ஃபால் என்பதன் வேலையும் இதுவே. இரண்டே முக்கால் எண்ணிக்கையில் தோளைத் தூக்குவது. ரெசில்மேனியாவில் அண்டர்டேக்கர் தோற்கமாட்டார் என்பது ஒரு காலத்தில் ரெஸ்லிங்கிலேயே மிக உறுதியான விஷயம். 2009-இல் ஷான் மைக்கேல்ஸ் அவரை ஸ்வீட் சின் மியூசிக் உதைவிட்டு வீழ்த்தி எண்ணியபோது, அந்த உறுதி ஒரு நொடி காணாமல் போனது. மூளைக்குத் தெரிந்ததை உடம்பு மறந்த ஒரு நொடி. மேட்சை முடிக்கும் ஃபினிஷர் என்ற அடியை வாரா வாரம் வீணடிக்காமல் காத்துவைத்தால்தான் அந்த நொடி கிடைக்கும். ஆளாளுக்கு அதிலிருந்து எழுந்துவிட்டால் கிடைக்காது.

ஆச்சரியத்தின் விலை

'யாரும் எதிர்பார்க்காததைச் செய்யுங்கள்' என்பவர்களுக்கு 2000-ஆம் ஆண்டு டபிள்யூசிடபிள்யூ பதில். உலக சாம்பியன் பெல்ட் அந்த ஆண்டு மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் கைமாறியது. ஏப்ரலில் நடிகர் டேவிட் ஆர்கெட் சாம்பியன் ஆனார். செப்டம்பரில் எழுத்தாளர் வின்ஸ் ரூஸோவே ஆனார். எதையும் ஊகிக்க முடியவில்லை, அதனால் எதற்காகவும் காத்திருக்கவும் முடியவில்லை. 2001 மார்ச்சில் கம்பெனி எதிரிக்கே விற்கப்பட்டது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பெல்ட்டின் வாக்குறுதியை அவர்களே காற்றில் விட்டார்கள் என்பது உண்மை.

2025 மார்ச்சில் ஜான் சீனா இருபது ஆண்டுக்குப் பின் வில்லனாக மாறியபோது நான் நிஜமாகவே அதிர்ந்தேன். டொரொன்டோவில் அந்த நிமிடம் அருமை. ஆனால் அதைத் தூண்டிய த ராக் ரெசில்மேனியாவுக்கு வரவே இல்லை. சீனா பதினேழாவது முறை சாம்பியன் ஆன மேட்ச் சப்பென்று முடிந்தது, சில மாதத்தில் அவர் பழையபடி நாயகனாகத் திரும்பிவிட்டார். அதிர்ச்சிக்கு அடுத்து எங்கே போவது என்று யாரும் யோசித்துவைக்காத மாதிரி இருந்தது.

கோஃபி கிங்ஸ்டன் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2019 பிப்ரவரியில் முஸ்தஃபா அலிக்குக் காயம், அவர் இடத்தில் கோஃபி. ஒரே இரவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து மோதினார். பதினொரு ஆண்டு கம்பெனியில் இருந்தும் இந்த பெல்ட்டுக்காகத் தனி மேட்ச் கேட்கும் நிலைக்கே வராதவர். கூட்டம் பிடித்துக்கொண்டது, ஏப்ரல் 7 அன்று ஜெயித்தார். யாரும் திட்டமிடாத ஆச்சரியமாகத் தொடங்கி, எல்லோருக்கும் தெரிந்த முடிவாக வளர்ந்தது. அந்த அக்டோபரில் பிராக் லெஸ்னர் அவரைப் பத்து நொடிக்குள் வீழ்த்தினார். அதற்குப் பிறகு கோஃபி அதற்காக உடைந்துபோகவும் இல்லை, பழிவாங்கவும் இல்லை. ஆறு மாதம் கட்டியதை அப்படியே கீழே வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

ஜப்பானின் டெட்சுயா நைடோவுக்கு இதைவிட நீண்ட காத்திருப்பு. 2014 டோக்கியோ டோமில் அவரும் ஒகாடாவும் மோதிய உலக சாம்பியன் மேட்சை, ரசிகர்கள் ஓட்டுப் போட்டு கடைசி மேட்ச் இடத்திலிருந்து இறக்கினார்கள். 2016-இல் சில வாரம் பெல்ட் கிடைத்தது. 2018-இல் டோமில் ஜெயிப்பார் என்று எல்லோரும் நம்பினார்கள், தோற்றார். 2020 ஜனவரி 5 அன்றுதான் அங்கே ஒகாடாவை வீழ்த்தினார். வெற்றிக்குப் பின் ரசிகர்களோடு சேர்ந்து தன் முழக்கத்தைச் சொல்ல மைக்கை எடுத்தபோது கென்டா என்ற இன்னொரு வீரர் வந்து தாக்கினார். முழக்கம் பாதியில் நின்றது. 2018 தோல்வி நல்லதா கெட்டதா என்று இன்னும் பேசுகிறார்கள். அந்தத் தோல்வி இல்லாமல் 2020-இன் கூச்சல் அவ்வளவு இருந்திருக்காது என்பார்கள் ஒரு சாரார்; சூடு அதிகமாக இருந்த நேரத்தை விட்டுவிட்டார்கள் என்பார்கள் மறுசாரார். நான் இரண்டாவது பக்கம்.

கோடியின் கதையும் அதே கேள்விதான். 2023-இல் அவரைத் தோற்கடித்தது தவறு என்றே அன்று நினைத்தேன், இன்றும் முழுசாக மாறவில்லை. அவர் சொன்ன கதை எளிமையானது. அப்பா டஸ்டி இந்தக் கம்பெனியின் உலக சாம்பியன் ஆனதே இல்லை. 1977-இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சூப்பர்ஸ்டார் பில்லி கிரஹாமைத் தோற்கடித்தும், கவுன்ட் அவுட் என்பதால் பெல்ட் கிடைக்கவில்லை. கைக்கு வந்ததைத் தட்டிப்பறிக்கும் முடிவுக்குப் பெயரே அவர் பெயர். மகன் அந்தக் கதையை முடிக்க வந்தேன் என்கிறார். அவருக்கும் அதே மாதிரி ஒரு முடிவு என்றால், ஒருமுறை தாங்கலாம்.

2024 பிப்ரவரி 2 அன்று இரண்டாவது முறையும் பறிக்கப்பார்த்தார்கள். இரண்டாவது ரம்பிளையும் ஜெயித்த கோடி, தன் இடத்தை த ராக்குக்கு விட்டுக்கொடுத்து விலகினார். ரசிகர்கள் பொறுக்கவில்லை. இணையத்தில் அந்தக் காட்சியின் வீடியோவில் டிஸ்லைக் குவிந்தது, அரங்குக்கு அரங்கு கோடியின் பெயர் முழங்கியது. ஒரே வாரத்தில் லாஸ் வேகஸில் நடந்த மேடையில் கதை திரும்பியது. கோடி தன் இடத்தைத் திரும்பக் கேட்டார், ராக் வில்லன் பக்கம் போனார். ரசிகர்கள் தெரிந்த முடிவுக்காகச் சண்டை போட்டு வாங்கினார்கள். அதைக் கொடுக்கப்போகிறோம் என்று தெரிந்த பின் எழுதியவர்கள் வழியில் கைவைத்தார்கள்.

ஏப்ரல் 7, பிலடெல்ஃபியா. முந்தைய இரவு கோடி தோற்றதால் இன்று எந்த விதியும் இல்லை. ஜிம்மி வந்தார், ஜே வந்து அவரை நிறுத்தினார். சோலோ வந்தார், அவரைத் தடுக்க ஜான் சீனா வந்தார். ராக் வந்தார், விளக்கு அணைந்து அண்டர்டேக்கர் நின்றார். சேத் ராலின்ஸும், ரெய்ன்ஸும் அவரும் ஒருகாலத்தில் சேர்ந்திருந்த ஷீல்ட் அணியின் பழைய உடையில் வந்தார். கையில் நாற்காலியோடு ரெய்ன்ஸ் நடுவில் நிற்கிறார். ஒரு பக்கம் கோடி, மறுபக்கம் பத்து ஆண்டு முன்பு தன்னை நாற்காலியால் அடித்துக் காட்டிக்கொடுத்த ராலின்ஸ். ரெய்ன்ஸ் பழைய கணக்கைத் தீர்க்க ராலின்ஸை அடித்தார். கோடிக்கு அந்த நொடி போதும். தன் ஃபினிஷரான கிராஸ் ரோட்ஸ், தொடர்ந்து மூன்று.

1,316 நாள் முடிந்தது. அரங்கத்தில் இருந்த எல்லோரும் இதற்காகவே வந்தவர்கள், இது நடக்கும் என்று தெரிந்தே வந்தவர்கள். புதிய சாம்பியனை அறிவிக்க மைக்கைப் பிடித்த சமந்தா இர்வினும் அதைத் தெரிந்துதான் நின்றிருந்தார். கோடியின் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.